சின்னராஜ் வீட்டுக் கடல் சாமந்தி

சூளகிரியில் எனக்கு வாடகைக்கு வீடு கொடுத்த சின்னராஜ் அண்ணன் முதலில் கேட்டது ஆதார் அட்டையை அல்ல. "உங்க கம்பெனில ஏசி எத்தன டிகிரில வெப்பாங்க?" என்றுதான் கேட்டார். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு என்றேன். "ராத்திரிலயும் அதேவா? வெளிய குளுரு அடிச்சா? அப்ப ஏசி குளுர வெக்குமா, சூடு பண்ணுமா?" என்றார். தெரியவில்லை என்றேன். "தெரிஞ்சிக்கினு வந்து சொல்லுங்க" என்று சாவியை நீட்டினார். தெரிந்துகொள்ளாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று நிஜமாகவே பயந்துபோய், மறுநாளே மெயின்டனன்ஸ் ஆளைப் பிடித்து விசாரித்தேன்.

என் பெயர் அழகர்சாமி. இங்கே புதிதாக வந்த தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. எப்போதும் நைட் ஷிப்ட். பகலில் தூங்குகிறவனுக்கு உலகமே எதிரி. குக்கர் விசில், தக்காளி ஏற்ற வரும் மினி லாரி, ஹைவேயில் அடிக்கிற ஏர் ஹாரன், எல்லாவற்றையும் மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் தூங்குவேன். அண்ணன் தன் வீட்டை ஒட்டி வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் முதலாவது என்னுடையது. என் அறைக்கும் அவர் வீட்டு ஹாலுக்கும் ஒரே சுவர். அதனால் அவர் வாழ்க்கையில் பாதி எனக்குக் காதாலேயே தெரியும். அவருக்கும் அவர் மனைவி ராஜாத்தி அக்காவுக்கும் சண்டை வந்தால் இருவரும் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள், வாடகைக்கு இருப்பவனுக்குப் புரியக்கூடாது என்று. ஒரு வருஷத்தில் எனக்குத் தெலுங்கு வந்துவிட்டது. அதை நான் அவர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பா ராகியும் அவரைக்காயும் போட்ட நிலத்தில் இவர் தக்காளி போட்டார், கொத்தமல்லி போட்டார், பல வருஷம் சாமந்தி போட்டார். கடைசியில் பாலிஹவுஸ் கட்டி ரோஜாவுக்கு வந்து சேர்ந்தார். இரும்புக் குழாயில் கூடு கட்டி, மேலே வெள்ளை பிளாஸ்டிக் தாள் போர்த்திய பெரிய கொட்டகைதான் பாலிஹவுஸ். அதற்குள் வெயிலும் குளிரும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். காலையில் பக்கத் திரைகளைச் சுருட்டி ஏற்றுவார். உச்சி வெயிலில் நிழல்வலையை இழுத்துவிட்டு ஃபாகரைத் திறப்பார். ஃபாகர் என்பது தண்ணீரைப் புகையாகத் தூவுகிற குழாய். பொழுது சாய்ந்தால் திரைகளை இறக்கிவிடுவார். "வெயிலு கூட தாங்கும் தம்பி. பகலுக்கும் ராத்திரிக்கும் நடுவுல தூரம் ரொம்ப ஆச்சுன்னா மொட்டு கெட்டுப்போவும்" என்பார்.

மற்றபடி அவருக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் கேள்வி கேட்பது. குடி இல்லை, சீட்டு இல்லை. ஹைவேயில் தார் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போய், தார் எத்தனை சூட்டில் இளகும், ஆறினால் எவ்வளவு சுருங்கும் என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். அவர்கள் மேலிடத்து இன்ஜினியர் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் பின்பக்கம் ஏன் சுடுகிறது என்று பார்க்க அதைக் கழற்றிப்போட்டதால், அக்கா அவரோடு பேசாமல் இருந்த கதையும் உண்டு.

இப்படிப்பட்டவர் ஒருநாள் பெங்களூருக்குப் பூ கொண்டுபோனார். கல்யாண மேடை அலங்காரம் செய்யும் ஆள் வரும்வரை ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பறையில் காத்திருந்தார். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. "உள்ள கல்லு மேல ஒரு பூ தம்பி. நம்ம சாமந்தியேதான். தண்ணி இழுக்கற பக்கம் ஆடிக்கினு இருந்துச்சு. ஒரு பையன் வந்து மீன் துண்டு ஒண்ணு போட்டான். பூ அத பிடிச்சு முழுங்கிடுச்சு" என்றார் என்னிடம். சொல்லும்போது அவர் குரலே மாறியிருந்தது. "இத்தன வருசமா பூவோட கெடக்கறேன். பூ வாயத் தொறந்து நான் பாத்ததில்ல."

அன்று மேடைக்காரர் வந்து அழைத்தும் அண்ணன் எழுந்திருக்கவில்லையாம்.

ஓசூரில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் ஹரீஷ்குமாரிடம் விசாரித்தபோதுதான் அதற்குப் பெயரே கடல் சாமந்திதான் என்று தெரிந்தது. பூ இல்லை, பிராணி. ஹரீஷ்குமார் கன்னடம் கலந்த தமிழில், வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற அளவுக்கு உண்மை பேசுகிற ஆள். "கல்லுப் பவளம் எல்லாம் கேக்கபேடா சார், அது சட்டப்படி வெக்கக் கூடாது. இந்தச் சாமந்தி வெக்கலாம், மெத்துனு இருக்கற காளான் பவளம் வெக்கலாம், ஒரு ஜோடி கோமாளி மீன் விடலாம். ஆனா ஒண்ணு சொல்லிபிடறேன். கடல்ல தண்ணி பகலும் ராத்திரியும் ஒரே சூட்ல இருக்கும். உங்க ஊட்ல இருக்குமா? யோசிச்சிட்டு வாங்க" என்றான். அண்ணனா யோசிப்பார்? பகலையும் ராத்திரியையும் கட்டி மேய்ப்பதுதானே அவர் தொழில்.

மகள் சுவாதி கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு ஹாலில் அவளுடைய படிப்பு மேஜை சும்மா கிடந்தது. அது போய் அந்த இடத்தில் தொட்டி வந்தது, சரியாக என் சுவருக்கு அந்தப் பக்கம். சுத்திகரித்த தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்துக் கடல் செய்தார். கல் அடுக்கினார். மோட்டார் ஓட ஆரம்பித்தது. அது இரவும் பகலும் ஓடும். என் தலையணைக்குள்ளேயே ஓடுவதுபோல இருந்தது. வேறு வீடு பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஓசூர்ப் பக்கத்துக் காற்றை ஊரெல்லாம் புகழ்கிறார்கள். புகழ்கிறவர்கள் யாரும் வீட்டுக்குள் கடல் வைத்திருப்பவர்கள் இல்லை. இங்கே விடியற்காலையில் ஸ்வெட்டர் வேண்டும், மத்தியானம் சட்டையைக் கழற்ற வேண்டும். முதலில் வாங்கிய ஜோடி மீன்கள் மார்கழிக் குளிரில் ஒரு காலையில் செத்து மிதந்தன. அண்ணன் ஹீட்டர் வாங்கிப் போட்டார். புது ஜோடி வந்தது, கடல் சாமந்தியும் வந்தது. கூடவே ஒரு மஞ்சள் மீன். மாசி முடிந்து வெயில் ஏறிய ஒரு மத்தியானம் அந்த மஞ்சள் மீன் செத்தது.

செத்ததையெல்லாம் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தது ராஜாத்தி அக்கா. அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டேம் மீன் வாங்கிக் குழம்பு வைப்பவர். நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது, "கொழம்புக்கு வர்றது வேற தம்பி. ஊட்டுக்குள்ள வளந்த உசுரு வேற" என்றார். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்ததும் வராததுமாக, என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு சொன்னார்.

"இன்னும் ஒரு உசுரு இந்தத் தொட்டில போச்சுன்னா தொட்டி இந்த ஊட்ல இருக்கக் கூடாது. என்னால பொதச்சிக்கினே இருக்க முடியாது. சரின்னா கையில அடிச்சுக் குடுங்க."

அண்ணன் தொட்டியைப் பார்த்தார். வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்களும் சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்து புகுந்து வந்துகொண்டிருந்தன. அக்கா நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்தார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால், சித்திரை வெயில் வரட்டும், நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் தோன்றியது.

அண்ணன் விடுவாரா? ஹரீஷ்குமார் சொன்னபடி தண்ணீர்மேல் காற்று அடிக்கிற மாதிரி ஒரு சின்ன ஃபேனை மாட்டினார். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல. ஆனால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. அடையாளத்துக்குக் கண்ணாடியில் ஒரு சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்திருந்தான் ஹரீஷ்குமார். தண்ணீர் டேப்புக்குக் கீழே போனால் ஊற்று என்று அர்த்தம்.

அண்ணன் காலையிலும் மாலையிலும் டேப்பைப் பார்த்தார். தண்ணீர் இறங்கவே இல்லை. இதிலிருந்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, என்னை நிறுத்திச் சொன்னார்: "பாத்தியா தம்பி, நம்ம சூளகிரி காத்துல தண்ணி ஆவியே ஆவறதில்ல. ஹரீஷுக்கு இது தெரில. ஃபேன் வெறும் காத்து அடிச்சே குளுர வெக்குது." எனக்கு இயற்பியலும் தெரியாது, தூக்கமும் போதவில்லை. ஆமாண்ணே என்றேன்.

சித்திரை பிறந்தது. மொட்டை மாடி காங்கிரீட் பகலெல்லாம் காய்ந்து ஹாலை அடுப்பாக்கியது. விடிகாலையில் தொட்டி இருபத்தாறு டிகிரி, மத்தியானம் முப்பது. ஃபேன் போதவில்லை. அண்ணன் தோட்டத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்தார். முதலில் ஜன்னலுக்கு நிழல்வலை. அது கொஞ்சம் உதவியது. அடுத்து ஜன்னல் கம்பியில் ஃபாகர் குழாய், அதற்கு ஒரு குட்டி மோட்டார், தானாக ஓடி நிற்க ஒரு டைமர். ஹாலில் மெல்லிய மூட்டம் பறந்தது. வெளியிலிருந்து வறண்ட காற்று உள்ளே வந்து அதை அள்ளிக்கொண்டு போனது. நிஜமாகவே ஹால் குளிர்ந்தது. அண்ணன் என் கதவைத் தட்டி எழுப்பி, கூட்டிக்கொண்டுபோய் தெர்மாமீட்டரைக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திட்ட மனசு வரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஹைவேயில் பாலம் வேலை நடந்து புழுதி பறந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் புழுதி தொட்டியில் விழுந்தது. கூடவே, பிடித்து வைத்த குளிர்ச்சி வெளியே ஓடுகிறதே என்றும் அவருக்கு வருத்தம். பாலிஹவுஸில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து இரண்டு ஜன்னலையும் சுற்றி மூடி ஒட்டினார். உள்ளே ஃபாகர், உள்ளேயே குளிர்ச்சி, புழுதியும் இல்லை. அவர் கணக்கு அது.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் அப்பளம் நமுத்தது. தீக்குச்சி பற்றவில்லை. என் பக்கத்துச் சுவரில் ஈரம் பூத்தது. "எனக்கு ஊடா இது, குளியலறையா?" என்று அக்கா தெலுங்கில் கேட்டது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. தொட்டி இருபத்தொன்பதிலேயே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஃபாகர் ஓடினால் இறங்கிவிடும் என்று அண்ணன் டைமரைக் கூட்டி வைத்துவிட்டு, முகூர்த்தத்துக்குப் பூ ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனார்.

அன்று மத்தியானம் சுவரில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டு விழித்தேன். "தம்பி, எந்திரிங்க. சீக்கிரம் வாங்க."

ஹாலுக்குள் நுழைந்தபோது என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். தொட்டி முப்பத்திரண்டைத் தாண்டியிருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடல் சாமந்தி விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. பெரிய மீன் அடிமணலில் ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. சின்ன மீன் அதன் பக்கத்திலேயே நின்றது. இத்தனை மாதமும் இந்தத் தொட்டி ஒழிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். அந்த வாயைப் பார்த்ததும் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் எடுக்கவில்லை. மார்க்கெட் இரைச்சலில் கேட்காது. நான் ஃப்ரீஸரிலிருந்து ஐஸ் எடுத்துக் கொட்டலாம் என்றேன்.

"வேணாம், வேணாம். சூடு திடீர்னு எறங்குனா அதுவும் சாவும்னு அவரு சொல்லிருக்காரு." அக்கா ஃபேனைப் பார்த்தார். பிறகு டேப்பைப் பார்த்தார். குனிந்து கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "தம்பி, நான் இன்னிக்கி தண்ணியே ஊத்தல. நேத்தும் ஊத்தல. கோடு எறங்கவே இல்ல."

"தண்ணி நீங்களா ஊத்துறீங்க? அண்ணன் இங்க தண்ணி ஆவியே ஆகாதுன்னு சொன்னாரே."

"யாரு சொன்னது? தெனமும் ஒரு சொம்பு, வெயிலு நாள்ல ரெண்டு சொம்பு. அவரு தோட்டத்துக்குப் போனதும் ஊத்திடுவேன். கோடு எறங்கிக் கெடந்தா பாக்க ஒரு மாதிரி இருக்குமில்ல." சொல்லிக்கொண்டே கொடியைத் திரும்பிப் பார்த்தார். புழுதிக்குப் பயந்து ஹாலிலேயே கட்டியிருந்த கொடி. முந்தாநாள் போட்ட துண்டு அதில் ஈரம் சொட்டாத குறையாகத் தொங்கியது. "துணியும் காயல. தண்ணியும் காயல. ஃபேனு சும்மாதான் சுத்திக்கினு இருக்குது."

அக்கா ஃபாகரை நிறுத்தினார். நான் ஸ்டூலில் ஏறி பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன். ஜன்னல், வாசல், பின்கதவு எல்லாவற்றையும் திறந்தோம். என் அறையிலிருந்த பெரிய ஃபேனைக் கொண்டுவந்து வாசலைப் பார்த்து வைத்தேன். ஈரக்காற்று வெளியே போய் வறண்ட காற்று உள்ளே வந்தது, புழுதியோடுதான். தெர்மாமீட்டரில் எண் நகர மாட்டேன் என்றது. பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

சாமந்தியின் ஓரத்தில் இரண்டு விரல்கள் வெளியே வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பெரிய மீன் அசையவில்லை. அக்கா தொட்டிக்குள் கையை விட்டு அதை மெதுவாக அள்ளினார். உள்ளங்கையில் ஒருமுறை துடித்தது. அவ்வளவுதான்.

"சத்தியப்படி தொட்டி போயிரும்லக்கா" என்றேன். சந்தோஷமாகச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். சந்தோஷமாக வரவில்லை.

அக்கா மீனை ஒரு வாழை இலைத் துண்டில் வைத்தார். கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, "வண்டி எடுக்கறீங்களா? ஓசூர் போய்ட்டு அவரு வர்றதுக்குள்ள வந்துடலாம்" என்றார்.

அக்கா என் பைக்கில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடையில் ஹரீஷ்குமார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செத்தது பெருசா, சின்னதா?" என்றான். பெரியது என்றோம். "பெருசு பொம்பள. சின்னது ஆம்பள. பொம்பள செத்தா இதுங்கள்ல ஆம்பளயே கொஞ்ச நாள்ல பொம்பளயா மாறிடும். அதனால இன்னும் சின்னதா ஒண்ணு குடுக்கறேன். பெருசு விட்டா ரெண்டும் சண்டை போடும்" என்றான்.

நான் வாயைப் பிளந்தேன். அக்கா பிளக்கவில்லை. "மாறறது தானாவா? வலிக்குமா அதுக்கு? மாறினப்புறம் அதுக்கு ஞாபகம் இருக்குமா, முன்ன இன்னொண்ணு இருந்துச்சின்னு?" என்று கேட்டார். ஹரீஷ்குமாரால் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்ல முடிந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன்தான் கேள்வி கேட்கிற ஆள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

வந்ததும் புது மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டோம், இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று. பிறகு திறந்துவிட்டார் அக்கா. அது ஒரு மூலைக்குப் போய் நின்றுகொண்டது.

அண்ணன் வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் கழன்று போயிருக்கலாம். ஆனால் அங்கேயே நின்றேன். கிழிந்த தாளைப் பார்த்தார், நின்றுபோன ஃபாகரைப் பார்த்தார். கடைசியாகத் தொட்டிக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"பெருசு எங்க?"

"உள்ளதான் எங்கயாச்சும் இருக்கும்" என்றார் அக்கா.

பூ வியாபாரியை மொட்டில் ஏமாற்ற முடியாது, மீனிலா முடியும்? மூலையில் நிற்பதைக் காட்டி, "இது புதுசு" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். ஃபாகர், தாள், காயாத துண்டு, அக்கா தினமும் ஊற்றிய தண்ணீர், எல்லாவற்றையும். அவர் தலையைத் தூக்கிக் கூரையையே பார்த்தார்.

"தோட்டத்துக் கொட்டாயில உச்சில ஒரு தெறப்பு இருக்கும் தம்பி. கட்டும்போதே உட்டுடுவாங்க. ஈரம் அதுவழியாத்தான் போவும். நாம அத தொடறதே இல்ல, மூடறதும் இல்ல, தெறக்கறதும் இல்ல. அதனால அப்பிடி ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. இங்க பக்கமெல்லாம் மூடிட்டேன். மேல காங்கிரீட்டு." மூலையில் நின்ற புது மீனைத் திரும்பிப் பார்த்தார். "நாந்தான் கொன்னுட்டேன்."

எழுந்து பின்பக்கம் போனவர் பக்கெட்டோடும் ட்யூபோடும் திரும்பி வந்தார். ட்யூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டார். "ஹரீஷுகிட்டயே எல்லாத்தையும் குடுத்துடறேன். அவன் பாத்துக்குவான். கையில அடிச்சுக் குடுத்தது."

அக்கா ட்யூபைப் பிடுங்கி வெளியே எறிந்தார். பேச்சு தெலுங்குக்கு மாறியது. நான் அங்கே நிற்பதை அவர் மறந்துவிட்டாரா, நினைவிருந்தும் கவலைப்படவில்லையா என்று தெரியாது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, அப்போதுதான் புரியாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

சத்தியம் வாங்கியது நான், நானே அந்தச் சத்தியம் வேண்டாம் என்கிறேன் என்றார் அக்கா. விடிந்தால் நீங்கள் தோட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள், சுவாதியும் போய்விட்டாள், பகலெல்லாம் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா என்றார். தார் எத்தனை சூட்டில் இளகும் என்று ரோட்டில் போகிறவனைக் கேட்கிறீர்கள், பகலில் நீ என்ன செய்கிறாய் என்று என்னை ஒரு நாள் கேட்டதுண்டா என்றார். எனக்குத் துணை இதுகள்தான், இதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அண்ணன் பக்கெட்டைக் கீழே வைத்தார். தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். அக்காவும் உட்கார்ந்தார்.

"பகல்ல இதுங்கள என்னெல்லாம் பாப்ப?" என்றார் தமிழில்.

"நான் சொல்லிட்டேன்னு கேக்கறீங்களா?"

"இல்ல. எனக்குத் தெரில. சொல்லு."

அக்கா சொல்ல ஆரம்பித்தார். காலையில் லைட் வரும்போது சாமந்தி ஒரே பக்கமாகத்தான் விரியும், ஜன்னல் பக்கமாக. மத்தியானம் மிக்ஸி போட்டால் சின்ன மீன் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பெரியது ஒளியாது. இரை போட்டால் பெரியது தான் தின்பதற்கு முன் ஒரு துண்டை வாயில் கவ்விக்கொண்டுபோய்ச் சாமந்திக்குக் கொடுக்கும். "ஊட்டி உடற மாதிரி. அது வாங்கிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கும். அப்புறந்தான் தனக்கு" என்றவர் அந்த இடத்தில் நிறுத்தினார். மத்தியானத்திலிருந்து அழாதவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் சொல்லத் தொடங்கியிருந்தார். அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தொட்டியைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.